குட்டி யானையில் ஏர் டேங்க்: மாட்டுவது, கட்டுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெடுஞ்சாலையில் நின்றுபோன லாரிக்கும் காருக்கும் நிற்கிற இடத்திலேயே பஞ்சர் ஒட்டிக் கொடுப்பது என் தொழில். வண்டி டாடா ஏஸ், அதாவது குட்டி யானை. லோடு பாடியில் 200 லிட்டர் ஏர் டேங்க், அதன் முதுகில் கம்ப்ரசர் ஹெட், பக்கத்தில் ஒரு பெட்ரோல் இன்ஜின். இதே மாதிரி வண்டி போட நினைப்பவர்கள் வந்து பார்த்துவிட்டு முதலில் விலையைக் கேட்பார்கள். அடுத்த கேள்வி எப்போதும் டேங்கை எப்படி மாட்டினீர்கள் என்பதுதான். விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது, அதை விட்டுவிடலாம். மாட்டுவது பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதுகிறேன். பொலேரோ பிக்கப், தோஸ்த் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் இதே கணக்குதான்.

டேங்க் நல்ல கனம். அதுவாகவே நிற்காதா?

நிற்கும், வண்டி நிற்கிற வரைக்கும்.

ஹெட், இன்ஜின் எல்லாம் சேர்த்து என்னுடையது 160 கிலோ வருகிறது. சரக்குக் கட்டுவதற்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பிரேக் அடிக்கும்போது சரக்கின் எடையில் 80 சதவீதம் முன்பக்கமாகத் தள்ளும், வளைவில் 50 சதவீதம் பக்கவாட்டில் தள்ளும், கட்டு அதைத் தாங்க வேண்டும் என்று. அப்படிப் பார்த்தால் 160 கிலோ டேங்க் பிரேக்கில் 128 கிலோ விசையோடு கேபினைப் பார்த்து நகரப் பார்க்கும். இரும்புத் தகட்டின் மேல் இரும்புக் கால் உட்கார்ந்திருந்தால் உராய்வு பிடித்து நிறுத்துவது எடையில் ஐந்தில் ஒரு பங்குதான், அதாவது 32 கிலோ. தரையில் ஆயிலோ மழைத் தண்ணீரோ இருந்தால் அதுவும் இல்லை. அப்புறம் ஸ்பீடு பிரேக்கரில் பாடி குதிக்கும் அந்த நொடியில் டேங்க் தரையிலேயே இருக்காது. அப்போது உராய்வு எங்கிருந்து வரும்?

ஆரம்பத்தில் நானும் நைலான் கயிற்றால்தான் கட்டியிருந்தேன். ஒரு நாள் மாடு குறுக்கே வந்து பிரேக் அடித்தேன். டேங்க் ஓர் அடி நகர்ந்து தடுப்பில் இடித்தது. டேங்குக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் கூடவே இழுபட்ட ஓஸ் நிப்பிளோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. காற்று சீறிய சத்தத்தில் மாடும் ஓடியது, நானும் ஓடினேன்.

காற்றுக்கு ஏது எடை? காலி டேங்கும் நிரம்பிய டேங்கும் ஒன்றுதானே?

எடையில் ஏறத்தாழ ஒன்றுதான். 200 லிட்டர் டேங்கில் 10 பார் அழுத்தம், அதாவது மீட்டரில் 145 பவுண்டு வரை காற்று அடைத்தால் கூடுவது இரண்டரை கிலோவுக்குள்தான்.

ஆனால் அடைபட்டிருக்கும் சக்தி வேறு. அந்தக் காற்று ஒரே நொடியில் விரிந்தால் சுமார் 270 கிலோஜூல் வெளியே வரும். இந்தக் கணக்கு புரியாதவர்களுக்கு நான் சொல்வது இது: ஒரு டன் வண்டியை 27 மீட்டர், அதாவது எட்டு மாடி உயரத்துக்குத் தூக்கத் தேவையான சக்தி அது. நம் முதுகுக்குப் பின்னால் மூன்றடி தூரத்தில் அதை வைத்துக்கொண்டு ஓட்டுகிறோம். நல்ல டேங்க் வெடிக்காது. வெடிப்பது துருப்பிடித்த டேங்க், அடிபட்டு ஒடுங்கிய டேங்க், கண்ட இடத்தில் வெல்டிங் வைத்த டேங்க். ஆகவே மாட்டும் வேலையில் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். டேங்க் வண்டியை விட்டுப் போகக் கூடாது, மாட்டுகிறேன் என்று டேங்கையும் கெடுத்துவிடக் கூடாது. பட்டறைக்காரர்களில் பலர் முதல் பாதியை மட்டும்தான் யோசிக்கிறார்கள்.

பாடியில் எந்த இடத்தில் வைப்பது?

கேபினை ஒட்டிய தடுப்புக்குப் பக்கத்தில், பின் அச்சுக்கு முன்னால். குட்டி யானையில் பின் டோர் பக்கம் கனத்தை ஏற்றினால் முன் சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் காற்றில் சுற்றுவது போல் ஆகிவிடும். ஓஸ் எடுக்க வசதி என்று பின் டோரை ஒட்டி டேங்கை வைத்தவர்கள் இருக்கிறார்கள். ஓஸை நாலடி கூடுதலாக வாங்கினால் தீர்கிற விஷயம் அது.

வைக்கும்போது மூன்றைப் பாருங்கள். அடியில் உள்ள, தண்ணீர் வடிக்கும் டிரெயின் காக்கைக் கை விட்டுத் திறக்க முடிய வேண்டும். மீட்டரும் சேஃப்டி வால்வும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். டேங்கின் பெயர்ப் பட்டயம் சுவர்ப் பக்கம் திரும்பிவிடக் கூடாது. வேலை அழுத்தம், சோதனை அழுத்தம், தயாரித்த வருடம் எல்லாம் அதில்தான் இருக்கும். இன்ஜின் சைலன்சர் பாடிக்கு வெளியே பார்த்திருக்கட்டும். மழைக்கு மூடிய தார்பாய்க்குள் இன்ஜினை ஓட்ட வேண்டாம். புகையும் தங்கும், தார்பாயும் உருகும்.

பழைய ஏஸின் மொத்த லோடு 750 கிலோதான் என்பதையும் மறக்க வேண்டாம். டேங்க், ஜாக்கி, லீவர், ஸ்டெப்னி, உதவிக்கு வரும் பையன் என்று கூட்டினால் பாதி போய்விடுகிறது.

படுத்த டேங்கா, நின்ற டேங்கா?

படுத்தது. நின்ற டேங்க் இடத்தை மிச்சம் பிடிக்கும், ஆனால் கனம் மேலே நிற்கும். வளைவில் தலையை ஆட்டும். ஏற்கெனவே நின்ற டேங்க் வாங்கிவிட்டீர்கள் என்றால் காலில் போல்ட் போட்டதோடு விடாமல், பாதி உயரத்துக்கு மேலே தடுப்போடு சேர்த்து ஒரு பட்டைக் கிளாம்பும் போடுங்கள்.

போல்ட் போடுவதா, பெல்ட் கட்டுவதா?

தினமும் வண்டியோடு அலையும் டேங்க் என்றால் போல்ட். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. பெல்ட்டைத் தினமும் இறுக்குவோம் என்று எல்லோரும் சொல்வார்கள். இரவு பதினொரு மணிக்கு போன் வந்து கிளம்பும்போது யாரும் இறுக்க மாட்டார்கள்.

எதில் போல்ட் போடுகிறோம் என்பதுதான் விஷயம். 12 எம்.எம். 8.8 ரக போல்ட் ஒன்று இழுவையில் ஏறத்தாழ 5 டன் தாங்கும். நாலு கால், நாலு போல்ட். போல்ட் அறுபட வழியே இல்லை. அறுபடுவது அது நுழைந்திருக்கும் பாடித் தகடு. வெறும் தகட்டில் ஓட்டை போட்டு சின்ன வாஷர் வைத்து முடுக்கினால் ஆறு மாதத்தில் ஓட்டை நீள்வட்டமாகிவிடும். ஒரு மோதல் வந்தால் வாஷரோடு தகட்டைக் கிழித்துக்கொண்டு டேங்க் எழுந்துவிடும்.

நான் செய்தது இது. பாடித் தரைக்கு அடியில் குறுக்கே ஓடும் சட்டங்களைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். அவற்றின் மேல் வருகிற மாதிரி, தரையில் நீளவாக்கில் இரண்டு சி-சேனல், அதாவது C வடிவ இரும்புச் சட்டம், படுக்க வைத்தேன். போல்ட் சேனல், தகடு, குறுக்குச் சட்டம் மூன்றையும் துளைத்து இறங்கும். சட்டம் கிடைக்காத இடத்தில் மட்டும் தகட்டுக்கு அடியில் 6 எம்.எம். தடிமனில் கையகலப் பிளேட் கொடுத்தேன். டேங்கின் கால்கள் சேனலின் மேல் உட்காரும். நட்டு எல்லாம் நைலாக், அதாவது உள்ளே நைலான் வளையம் வைத்தது. ஸ்பிரிங் வாஷர் போதும் என்பார்கள், எங்கள் ஊர் ரோட்டுக்குப் போதவில்லை.

டிரில்லை எடுப்பதற்கு முன் வண்டிக்கு அடியில் படுத்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பிரேக் பைப், வயரிங், எண்ணெய் டேங்க் எல்லாம் அங்கேதான் போகிறது. சேஸின் நீளச் சட்டத்தின் மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ ஓட்டை போடவே கூடாது. சேஸின் பலமே அந்த விளிம்புகளில்தான்.

நாலு காலில் ஒன்று தூக்கிக்கொண்டு நிற்கிறது. போல்ட்டை இறுக்கி இழுத்தால் உட்கார்ந்துவிடுமே?

உட்காரும். அங்கேதான் கேடு ஆரம்பிக்கிறது.

தரை சமமாக இல்லாத இடத்தில் காலை இழுத்துப் பிடித்து முடுக்கினால் அந்த இழுவை எப்போதும் கால் ஒட்டியிருக்கும் வெல்டிங் ஓரத்தில் நிற்கும். அதற்கு மேல் கம்ப்ரசரின் அதிர்வு, ரோட்டின் அதிர்வு, டேங்க் நிரம்பி வடியும்போது தகடு லேசாக விரிந்து சுருங்குவது. இரும்புக் கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பது மாதிரிதான். ஒரு நாள் கால் ஓரத்தில் முடி மாதிரி ஒரு விரிசல் தெரியும், கூடவே லேசான சீறல் சத்தம். கடையில் தரையில் நிற்கும் டேங்குக்கே கால்களை அழுத்தி முடுக்காதே என்றுதான் கம்ப்ரசர் கையேடுகள் சொல்கின்றன.

தூக்கி நிற்கும் காலுக்கு அடியில் தகட்டுத் துண்டு வைத்து இடைவெளியை அடையுங்கள். பிறகு நாலு காலுக்கும் 10 எம்.எம். ரப்பர். பழைய லாரி டயரின் பக்கச் சுவரில் வெட்டிய துண்டு போதும், நம் கடையில் அதற்கா பஞ்சம். போல்ட்டை ரப்பர் பிதுங்கும் வரை இறுக்க வேண்டாம். ரப்பர் லேசாக அமுங்கியதும் நிறுத்தி, நைலாக் நட்டை அப்படியே விட்டுவிடுங்கள். நைலாக் வாங்கச் சொன்னது இதற்காகவும்தான். முழுசாக முடுக்காமலே கழலாமல் நிற்கும்.

நேராகக் காலைப் பாடியில் வெல்டிங் வைத்துவிடலாமா? எங்கள் ஊர் பட்டறையில் அப்படித்தான் செய்கிறார்கள்.

கூடாது. டேங்கின் உருளையில் ஒரு புள்ளி வெல்டிங்கூட வைக்கக் கூடாது. கொக்கி மாட்ட, மீட்டர் தாங்க, பேர் எழுதிய போர்டு தொங்கவிட, எதற்காகவும் கூடாது. சூடு பட்ட இடத்தில் தகட்டின் குணம் மாறிவிடும், உள்பக்க பெயின்ட் எரிந்து அங்கே துரு முதலில் பிடிக்கும். காலோடு வெல்டிங் வைத்தால் அதிர்வு முழுவதும் ரப்பர் இல்லாமல் டேங்குக்குப் போகும். நாளைக்கு டேங்கைக் கழற்றிச் சோதனைக்குக் கொண்டுபோகவும் முடியாது.

சேனலைப் பாடியோடு வெல்டிங் வைப்பது வேறு விஷயம், அதைச் செய்யலாம். டேங்கை ஏற்றும் முன்பே அந்த வேலையை முடித்துவிடுங்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வண்டியின் கம்ப்யூட்டர் போர்டு போய்விடும்.

இடம் மாற்றத்துக்கு ஒரே ஒரு நாள் டேங்கைக் கொண்டுபோக வேண்டும். அதற்கும் போல்ட்டா?

தேவையில்லை. அங்கே பெல்ட்தான் சரி. முதலில் காற்றை முழுசாக இறக்குங்கள், மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகும் டிரெயின் காக்கைத் திறந்தே விடுங்கள். மீட்டரைக் கழற்றி டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளுங்கள், வழியில் முதலில் உடைவது அதுதான்.

டேங்கைக் குறுக்குவாக்கில், கேபின் தடுப்போடு ஒட்டி வையுங்கள். நீளவாக்கில் வைத்தால் கட்டு அறுந்த நாளில் அதன் மூக்கு கேபினைத்தான் பார்க்கும். சக்கரம் வைத்த கம்ப்ரசர் என்றால் கனம் சக்கரத்தில் இருக்கக் கூடாது. அடியில் மரக்கட்டை கொடுத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடுங்கள். முன்னும் பின்னும் ஆப்பு வையுங்கள், அந்த ஆப்பைத் தரையில் ஆணி அடித்து நிறுத்துங்கள். ஹெட்டில் ஆயில் இருப்பதால் கம்ப்ரசரைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டாம்.

பெல்ட் எது, எத்தனை? கயிறு போதாதா?

50 எம்.எம். அகலத்தில், கைப்பிடியை ஆட்டி இறுக்கும் ராட்செட் பெல்ட் இரண்டு, குறைந்தபட்சம். கயிறு வேண்டாம். நைலான் கயிறு இழுபடும், நனைந்தால் இன்னும் இழுபடும், முடிச்சு போட்ட இடத்தில் பலம் குறையும்.

பெல்ட்டில் 5 டன் என்று போட்டிருந்தால் அது எதைக் குறிக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் அறுந்துபோகும் எடையைத்தான் போட்டிருப்பார்கள். நாம் நம்ப வேண்டியது அதில் மூன்றில் ஒரு பங்கு.

ஆனால் பெல்ட் எவ்வளவு தடியாக இருந்தாலும், டேங்கின் மேல் போட்டு இரண்டு பக்கமும் கீழே இழுத்தால் அது டேங்கைத் தரையோடு அழுத்த மட்டும்தான் செய்யும். முன்னால் நகர்வதைத் தடுப்பது அந்த அழுத்தத்தால் வரும் உராய்வுதான். முதலில் போட்ட கணக்கையே எடுத்துக்கொள்வோம். முன்னால் தள்ளுவது 128 கிலோ, சொந்த எடையின் உராய்வு 32 கிலோ. மீதி 96 கிலோவை உராய்வாலேயே பிடிக்க பெல்ட்டுகள் எப்போதும் 480 கிலோ அழுத்தம் கொடுத்தபடி இருக்க வேண்டும். அதே டேங்குக்கு அடியில் உலர்ந்த ரப்பர் பாய் விரித்தால் உராய்வு எடையில் 60 சதவீதம் வரை போகும். அப்போது தேவை 53 கிலோ அழுத்தம் மட்டும். கையில் கொஞ்சம் காசுதான் இருக்கிறது, மூன்றாவது பெல்ட் வாங்கவா ரப்பர் பாய் வாங்கவா என்று கேட்டால், பாய்.

பெல்ட் சேஃப்டி வால்வின் மேலோ, செம்புக் குழாயின் மேலோ, கம்ப்ரசரைச் சுற்றும் பெல்ட்டுக்கு மூடியாக இருக்கும் கார்டின் மேலோ போகக் கூடாது. கூரான விளிம்பில் பழைய ஓஸ் துண்டைக் கீறி உறை மாதிரி மாட்டுங்கள். பக்கப் பலகையில் வெளியே வரிசையாக இருக்கும் சின்னக் கொக்கிகள் தார்பாய்க் கயிற்றுக்கானவை. அதில் டேங்கைக் கட்டினால் கொக்கி மட்டும் பெல்ட்டோடு வரும். பத்து கிலோமீட்டர் போனதும் ஒரு டீக்கு நிறுத்தி மறுபடி இறுக்குங்கள், எப்படியும் தளர்ந்திருக்கும். வெயிலில் வெளுத்து நார் எழும்பிய பெல்ட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

வேலைக்குப் போகும்போது டேங்க் நிரம்பி இருக்கலாமா?

இருக்கலாம், ஆனால் உச்சிவரை வேண்டாம். காருக்கு 33 பவுண்டு, லாரிக்கு 120 பவுண்டு வாக்கில்தான் தேவை. நான் 80 பவுண்டு அளவில் வைத்துக்கொண்டு கிளம்புவேன். கார் வேலை என்றால் அதுவே போதும். லாரி என்றால் அங்கே போய் இன்ஜினை ஓட்டி ஏற்றிக்கொள்வேன்.

வெயிலும் ஒரு காரணம். காலை 30 டிகிரியில் 10 பார் அடைத்து மூடிய டேங்க், மத்தியானம் தகடு 60 டிகிரிக்குச் சுட்டால் தானாகவே 11 பாருக்கு ஏறும். சேஃப்டி வால்வு சரியாக இருந்தால் கக்கிவிடும். சேஃப்டி வால்வு அடிக்கடி சீறுகிறது என்று அதை எடுத்துவிட்டு போல்ட் போட்டு அடைத்த வண்டியை நான் பார்த்திருக்கிறேன். அதற்குக் காற்று ஏற்றவும் மாட்டேன், பக்கத்தில் நிற்கவும் மாட்டேன்.

ஓடும்போது டேங்கின் வாயிலேயே உள்ள பால் வால்வை மூடிவிடுங்கள். ஓஸில் காற்று இருக்க வேண்டாம். ராக்கெட் மாதிரி பறந்துவிடுமா என்று சிலர் கேட்பார்கள். அரை இன்ச் துளையில் 10 பார் காற்று பீறிட்டால் எதிர்ப்பக்கம் தள்ளும் விசை 15 கிலோ அளவுதான், போல்ட் போட்ட டேங்கை அது அசைக்காது. ராக்கெட் கதையெல்லாம் 150 பார் அடைத்த ஆக்ஸிஜன் சிலிண்டருக்குப் பொருந்தும். நம் டேங்கில் ஆளை அடிப்பது பாம்பு மாதிரி துள்ளும் அறுந்த ஓஸ்.

பழைய கேஸ் சிலிண்டரில் வால்வு மாற்றி வைத்தால் மலிவாக முடியுமே?

வீட்டு கேஸ் சிலிண்டர் உங்களுடையதே அல்ல. டெபாசிட் கட்டி வைத்திருக்கிறோம், சொந்தக்காரர் எண்ணெய் நிறுவனம். அது ஒருபுறம் இருக்கட்டும். உள்ளே மிச்சமிருக்கும் கேஸோடு வெல்டிங் வைத்து உயிர் போகலாம். அதில் அடியில் தண்ணீர் வடிக்கத் துளையும் கிடையாது. லாரியிலிருந்து கழற்றிய பிரேக் ஏர் டேங்க் அதைவிடப் பரவாயில்லை, அது காற்றுக்கென்றே செய்தது. ஆனால் அதன் உள்துரு யாருக்கும் தெரியாது, சோதிக்காமல் போடாதீர்கள். பி.வி.சி. குழாயை மூடி டேங்க் செய்வது பற்றி மட்டும் கேட்காதீர்கள். இரும்பு பெரும்பாலும் கிழிந்து சீறும். பி.வி.சி. சில்லு சில்லாகச் சிதறும்.

மாட்டிய பிறகு என்ன பார்க்க வேண்டும்?

தினமும் தண்ணீர். ஈரமான கடற்கரைக் காற்றில் 200 லிட்டர் டேங்கை ஒரு தடவை 10 பாருக்கு நிரப்பினால், ஆறியதும் அடியில் 50 மில்லி வரை தண்ணீர் நிற்கும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நிரப்பினால் அரை லிட்டர். வண்டி சாய்வாக நின்றால் காக் பக்கம் வராமல் மறுமூலையில் தேங்கும், அதனால் சமதரையில் நிறுத்திவிட்டு வடியுங்கள். டேங்க் துருப்பிடித்து ஓட்டையாவது எப்போதும் இந்த அடிப்பக்கத்தில்தான்.

வாரம் ஒரு முறை நாலு நட்டையும் கையால் தொட்டுப் பாருங்கள். நட்டுக்கும் பிளேட்டுக்கும் குறுக்கே பெயின்டால் ஒரு கோடு போட்டுவிட்டால் இன்னும் சுலபம், கோடு விலகியிருந்தால் நட்டு சுற்றியிருக்கிறது. கால் வெல்டிங் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வந்தால் அன்றைக்கே காற்றை இறக்கி டேங்கை மாற்றிவிடுங்கள். அதன் மேல் வெல்டிங் வைத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். டேங்கிலிருந்து பாடிக்கோ ஓஸ் ரீலுக்கோ போகும் இணைப்பு ரப்பர் ஓஸாக இருக்கட்டும். இரும்புக் குழாய் அதிர்ந்து கழுத்தில் ஒடியும்.

சில வருடங்களுக்கு ஒரு முறை நீர் அழுத்தச் சோதனை. டேங்க் நிறையத் தண்ணீர் அடைத்து, வேலை அழுத்தத்தைவிட 1.3 முதல் 1.5 மடங்கு வரை ஏற்றிப் பார்ப்பார்கள். தண்ணீர் சுருங்காது, ஆகவே கசிந்தால் மீட்டர் உடனே இறங்கிவிடும், வெடிக்காது. காற்றை வைத்தே அதிக அழுத்தம் ஏற்றிப் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் டேங்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். புது டேங்க் வாங்கும்போது ஐ.எஸ். 7938 என்று பட்டயத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏர் ரிசீவருக்கான இந்தியத் தர எண் அது.

ஆர்.டி.ஓ., போலீஸ் தொந்தரவு வருமா?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. பாடியை நீட்டுவது, கூண்டு கட்டுவது, கூரை போடுவது எல்லாம் இதில் மாட்டும். கழற்றக்கூடிய டேங்க் அமைப்பை உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகம் எப்படிப் பார்க்கிறது என்று பணம் செலவழிக்கும் முன் ஒரு நடை போய்க் கேட்டுவிடுங்கள். இன்சூரன்ஸ்காரரிடமும் சொல்லிவைப்பது நல்லது. எஃப்.சி. காட்டப் போகும்போது நான் டேங்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத்தான் போகிறேன். நாலு நட்டு, இரண்டு ஆள், அரை மணி நேரம்.